உப்பு ஆபீசில் நின்ற நிலை

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி, சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. கால்வாய் வழியே படகில் வந்த உப்பை அங்கே எடை போட்டு, வரி வாங்கி, முத்திரை வைத்து அனுப்பினார்கள். அந்த வேலை நின்று பல தலைமுறை ஆயிற்று. வாசலில் உள்ள அரசுப் பலகையில் நீளமான பெயர் ஒன்று எழுதியிருக்கிறது. அதைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறி "உப்பு ஆபீசு" என்றால் இறக்கிவிடுவார்கள்.

செய்தித்தாளின் உதவி ஆசிரியர் மேஜையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. நியமன உத்தரவில் 'காப்பாட்சியர்' என்று இருந்தது. சொல்லைப் பார்த்தால் கீழே ஒரு படையே வேலை செய்வதாகத் தோன்றும். இருந்தது நானும் ஒரு காவலாளியும். நுழைவுச் சீட்டுக் கொடுப்பது, காட்சிப் பொருள்களுக்குக் குறிப்பு எழுதுவது, மின்கட்டணம் கட்டுவது, கழிவறைச் சாவி கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். காவலாளி வியாசர்பாடியிலிருந்து வருவார். முன்பு துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தவர்.

வேலையில் பெரும்பகுதி துடைப்பது. உப்பை அத்தனை காலம் உள்ளே வைத்திருந்த சுவர்கள் உப்பைக் குடித்திருந்தன. மழை நின்ற மறுவாரம் செங்கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும். ஈரத்துணி கூடாது, உலர்ந்த தூரிகையால் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். அதை முடித்தால் சாம்பல். வடக்கிலிருந்து காற்று வீசுகிற நாள்களில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் கண்ணாடிப் பெட்டிகளின் மேல் மெல்லிய பொடியாகப் படியும். காலையில் துடைத்த கண்ணாடியில் மாலையில் விரலால் எழுதலாம். சில பள்ளிப் பிள்ளைகள் எழுதியும் இருக்கிறார்கள்.

பார்வையாளர்கள் அதிகமில்லை. ஆதார் அட்டையில் முகவரி மாற்ற வந்தவர்கள், கரண்டு ஆபீசு என்று நினைத்து வந்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், உட்கார்ந்து பேச இடம் தேடிய ஜோடிகள். உப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் கொஞ்சம். எல்லாருக்கும் ஒரே சீட்டுதான்.

உள்ளே இரண்டு கூடங்கள். முதல் கூடத்தில் உப்பு இலாகாவின் பொருள்கள்: தூண் உயரத் தராசு, எடைக்கற்கள், மூட்டைகளில் குத்திய முத்திரை அச்சுகள். இரண்டாவது கூடத்தின் வாசலில் 'கழிமுக மக்களின் வாழ்க்கை' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றும் கிடையாது. உப்பை எடை போட்டவர்கள் தராசை விட்டுப்போயிருந்தார்கள். உப்பைச் சுமந்தவர்கள் எதையும் விட்டுப்போகவில்லை. தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மாள் ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: "அந்த ரெண்டாவது ஹால் என்ன ஆச்சு சார்?"

அப்படி இருக்கையில் ஒரு நாள் பிற்பகலில் மீன்பாடி வண்டி ஒன்று வளாகத்துக்குள் வந்தது. முன்பக்கம் பலகைத் தட்டும் பின்னால் மிதிப்பவரும் உள்ள அந்த மூன்று சக்கர வண்டியில் ஒரு வாசல் நிலையும் இரண்டு கதவுகளும் கிடந்தன. கூடவே நடந்து வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காத்திவாக்கத்துக்காரர். கணவர் விசைப்படகில் போகிறவர்; இவர் இறால் விற்கிறவர். கடல் கரையை அரித்துக்கொண்டே வந்து வீட்டின் பின்சுவர் பிளந்துவிட்டது. இடிந்து விழுமுன் தாங்களே இடித்துவிட்டார்கள். ஓடு, செங்கல், ஜன்னல் கம்பி எல்லாம் விற்றாயிற்று. நிலையை மட்டும் விற்க மனம் வரவில்லை.

"திருவொத்தியூர்ல மாடில வாடகைக்குப் போறோம் சார். ஒரே ரூமு. நாங்க குந்தறதுக்கே எடமில்ல, இத்த எங்க போட்டு வெக்கறது? வெளிய போட்டா அடுப்புக்கு ஒடச்சிகினு பூடுவானுங்க."

"பர்மா தேக்கா எக்கா?" என்று காவலாளி மரத்தைத் தட்டிப் பார்த்தார். வட சென்னையில் பழைய மரம் எதுவானாலும் பர்மா தேக்குதான்.

"பின்ன? எங்க மாமனாரு ராயபுரத்துல மரக்கடைல வாங்கி எட்டாளு தூக்கியாந்தது."

"நாலாளு சொல்லு எக்கா. எட்டாளு தூக்குனா தேரு."

"நீ வந்து எறக்கு நைனா, அப்பால தெரியும் எத்தினி ஆளுன்னு."

நிலையைக் கீழே இறக்கும்போதே என் கண் இரண்டாவது கூடத்தின் பக்கம் போய்விட்டது. நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "இதை உள்ளே நிறுத்தி வெச்சு, வர்ற ஜனங்களுக்குக் காட்டலாமாம்மா?"

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெச்சிக்கினு இருங்க சார். அதுக்கு இன்னா இப்போ."

அன்று மாலையே நான் குறிப்பட்டை எழுதினேன். 'மீனவர் வீட்டு வாசல் நிலை, கதவுகளுடன். மரம். அன்பளிப்பு: காத்திவாக்கத்து மீனவர் குடும்பம்.' பத்திரிகையில் பழகிய கை; நான்கு சொல்லில் முடிகிற விஷயத்தை ஐந்தாவது சொல்லுக்கு விடாது.

நிலையை எப்படி நிறுத்துவது என்பதில் இரண்டு நாள் யோசித்தேன். அதன் வெளிப்பக்கத்தில் பார்க்க ஒன்றுமில்லை. மஞ்சள் ஏறிய வெறும் மரம். உட்பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. கையால் அடித்த இரும்புக் கொண்டி. கட்டை விரல் பட்டுப் பட்டு வழவழப்பான தாழ்ப்பாள். வலை பின்னும் ஊசியை மாட்டிவைக்க ஒரு ஆணி, நாள்காட்டிக்கு ஒரு ஆணி. விளக்கு வைத்த பக்கத்தில் புகைக்கறை. இறால் கணக்குப் போட்டதோ என்னவோ, கரியால் இழுத்த கோடுகள். ஆகவே உட்பக்கம் பார்வையாளர்களைப் பார்க்கும்படி மரமேடை ஒன்றின் மேல் நிறுத்தினோம். பின்னால் கூடத்தின் சுவர். கதவுகளைத் திறந்து வைத்தால் அந்தச் சுவர்தான் தெரியும். மேலே ஒரு விளக்குப் போட்டோம்.

நன்றாகவே இருந்தது. தராசைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அதன் முன்னால் நின்றார்கள். "எங்க வூட்லயும் இதே கொண்டிதான்" என்று யாராவது சொல்லாமல் ஒரு வாரம் போனதில்லை. ஆயுத பூஜைக்குக் காவலாளி கட்டடம் முழுவதும் சந்தனம் குங்குமம் வைத்தார். தராசுக்கு, கணினிக்கு, தீயணைப்பு உருளைக்கு, சாவிக் கொத்துக்கு, நிலைக்கு. அதிகாரி அம்மாள் ஒரு முறை நேரில் வந்தார். நிலையின் முன் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, "இப்பத்தான் சார் இது மியூசியம் மாதிரி இருக்கு" என்றார். அதன்பின் தொலைபேசியில் அந்தக் கடைசிக் கேள்வி நின்றுபோயிற்று.

அடுத்த கோடையில், சித்திரை முடிகிற சமயம், அந்தப் பெண் வந்தார். கையில் இறால் கூடை இல்லை. வெற்றிலைபாக்குத் தட்டு வைத்த பை இருந்தது. அத்திப்பட்டில் அவருடைய அண்ணன் கொடுத்த இடத்தில் வீடு கட்டுகிறார்கள். சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நிலை வைக்க வைகாசியில் நாள் குறித்தாயிற்று.

"மேஸ்திரி இத்தோட அளவுக்குத்தான் சார் வழி உட்டுக் கட்டிகினு கீறாரு. வர்ற புதங்கெழமைக்கு அடுத்த புதன். முந்தின நாளு வண்டி எட்தாறேன்."

அவர் எனக்குத் தாம்பூலத்தை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனேன்.

கூடத்துக்குள் வந்தவர் நிலையைப் பார்த்ததும் நின்றார். பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஐய, இன்னா சார் இது! எங்கூட்டு உள்பக்கத்த ஊருக்கே காட்டிகினு கீறீங்க?"

"இந்தப் பக்கம்தாம்மா பாக்கறதுக்கு நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும். இங்க நின்னுகினுதான் நான் சேல மாத்துவேன்."

காவலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணின் கண் அதற்குள் குறிப்பட்டைக்குப் போயிருந்தது. அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். 'அன்பளிப்பு' என்ற சொல் வரை வந்ததும் சிரிப்பு நின்றது.

"அன்பளிப்பா? யாரு குடுத்தா?"

"நீங்கதாம்மா. நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க."

"இன்னா சொன்னேன்?"

"வெச்சிக்கினு இருங்கன்னு."

"ஆமா, சொன்னேன். வெச்சிக்கினு இருங்கன்னுதான சொன்னேன்? குடுத்துட்டேன்னா சொன்னேன்?"

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. நான் தெற்கே தாமிரபரணிப் பக்கத்தில் பிறந்தவன். திருவொற்றியூரில் பாதி ஆயுள் குடியிருந்தும் என் காது முழுசாக இங்கே குடிவரவில்லை.

அவர் கோபப்படவில்லை. நிலைமையை எடுத்துச் சொன்னார். மாடி வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இந்த முகூர்த்தத்தை விட்டால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் நிலை வைக்கமாட்டார்கள், ஆவணிக்குத்தான். அதுவரை சுவர் முழங்கால் உயரத்தில் நிற்கும். வேறு நிலை வாங்கலாம். ஆனால் அவர் கணவர் வேறு நிலை வைத்தால் உள்ளே வரமாட்டேன் என்கிறார். "அந்தாளு சொன்னா சொன்னதுதான் சார். கடல்ல வேற இருக்கறாரு. வந்து நில எங்கன்னு கேட்டா, மூசியத்துல கீது, டிக்கெட் வாங்கிப் பாத்துட்டு வான்னா சொல்றது?"

மறுநாள் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். தாம்பூலத்தை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

காவலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க அந்த அட்டைய எழுதும்போதே நான் நெனச்சேன் சார்."

"என்ன நெனச்சீங்க?"

"அந்த எக்கா குடுக்கல, போட்டு வெச்சிட்டுப் போவுதுன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பேப்பர்ல இருந்தவரு. எழுதறது உங்க வேல. நான் போய் ஒங்க எழுத்துல கையி வெக்கறதா?"

"சரி, இப்ப சொல்லுங்க. வெச்சிக்கினு இருங்கன்னா என்ன?"

"வெச்சிக்கினு இருங்கன்னா வெச்சிக்கினு இருங்கதான் சார். வேற இன்னா?" என்றார். சொந்தப் பாஷையை வேறு யாருக்காவது பெயர்த்துச் சொல்லும்படி அவரை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அன்று பேருந்தில் திரும்பிப் போகும்போது அந்த இரண்டு சொல்லையும் எழுத்துத் தமிழில் போட்டுப் பார்த்தேன். செய்திப் பிரதியில் சந்தேகம் வந்தால் செய்கிற வேலைதான். 'கினு' என்பது 'கொண்டு'. வந்துகினு இருக்கான் என்றால் வந்துகொண்டிருக்கிறான். இன்னும் வந்து சேரவில்லை. சாப்ட்டுகினு கீறான் என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இன்னும் கை கழுவவில்லை. அப்படியானால் வெச்சிக்கினு இருங்க என்பது 'வைத்துக்கொண்டிருங்கள்'. நான் எழுதிக்கொண்டது 'வைத்துக்கொள்ளுங்கள்'. முதலாவது முடியாத வினை. திரும்பி வருகிற ஒருத்தி அதற்குள்ளேயே இருக்கிறாள்.

காலையில் அதிகாரி அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் கோவைப் பக்கத்துக்காரர், நிதானமாகப் பேசுபவர்.

"சார், காட்சிக்கு வெச்சதைத் திருப்பிக் குடுத்துப் பழகினா நாளைக்கு எல்லாரும் வந்து கேப்பாங்க. அடுத்த மாசம் ஆய்வுக் குழு வேற பார்வைக்கு வருது."

"அவங்க குடுக்கவே இல்லைங்க மேடம்."

"அன்பளிப்புன்னு நீங்கதானுங்களே எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க."

"அப்ப அவங்க என்னதான் சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

"வெச்சிக்கினு இருங்கன்னு சொன்னாங்க."

"அட, அப்படின்னா வெச்சுக்கோங்கன்னுதானே சார்?"

நான் பேருந்தில் போட்ட கணக்கைச் சொன்னேன். வந்துகினு, சாப்ட்டுகினு, வெச்சிக்கினு. மறுமுனையில் அவர் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"இத ஃபைல்ல எப்படி சார் எழுதறது? 'கினு' காரணமாகப் பொருள் விடுவிக்கப்படுகிறதுன்னா?"

"நான் எழுதித் தர்றேங்க."

"எழுதுங்க. மேலே ஒருத்தர் இருக்காரு, அவரு கன்னியாகுமரி. அவருக்குப் புரியற மாதிரி எழுதுங்க." சற்று நிறுத்தி, "அப்ப அந்த ரெண்டாவது ஹால்?" என்றார்.

"பழையபடி காலியாத்தான் இருக்கும் மேடம்."

அவர் பெருமூச்சு விட்டார்.

அந்தப் பத்தியை நான் பலமுறை அடித்துத் திருத்தினேன். வட சென்னைப் பேச்சு வழக்கை விளக்கும்போது அதைக் கேலி செய்வது போல ஒலித்துவிடக் கூடாது. எழுத்துத் தமிழுக்கு ஒரு படி கீழே இருக்கிற ஏதோ ஒன்று என்று நினைக்க இடம் கொடுக்கக் கூடாது. கடைசியில் நின்றது இவ்வளவு: 'உரிமையாளர் இப்பொருளைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டிருக்குமாறு கூறியதை, நிலையாக வைத்துக்கொள்ளுமாறு கூறியதாகக் காப்பாட்சியர் பொருள் கொண்டுள்ளார். திருத்தம் கோரப்படுகிறது.' பத்திரிகையில் இதைப் பிழைத்திருத்தம் என்று உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுவோம்.

அனுமதி வரவில்லை. வெள்ளி போயிற்று, சனி ஞாயிறு போயிற்று. அந்தப் பெண் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், சாந்து கலக்க சொல்லிடட்டுமா?" என்பார். நான் இன்னும் வரவில்லை என்பேன். "சரி, வந்துகினு கீதுன்னு மேஸ்திரியாண்ட சொல்லிடறேன்" என்பார். திங்கட்கிழமை மாலை அலுவலகம் மூடுகிற நேரத்தில் உத்தரவு வந்தது. 'விடுவிக்கலாம்' என்று ஒரே சொல். கன்னியாகுமரிக்காரர் எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மீன்பாடி வண்டியோடு அந்தப் பெண் வந்தார். கூட இன்னொரு அம்மாள் இறங்கினார். கணவருடைய அக்கா. அறுபதைத் தாண்டியவர், காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்றவர் என்பதால் குரல் எப்போதும் நாலு பேரைத் தாண்டிக் கேட்கும். தம்பி வீட்டு நல்லது கெட்டதில் அவர் சொல்வதுதான் கடைசி என்று பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. அவர் கூடத்துக்குள் வந்து, நிலையைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமே, பொட்டு வெச்சிக்கிறாங்க?"

நிலையின் இரண்டு காலிலும் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். உப்புச் சுவரைத் தட்டுவதில் காட்டிய அக்கறையில் நாங்கள் இதைத் துடைக்கவே இல்லை.

"ஆயுத பூஜைக்கு வெச்சதும்மா" என்றார் காவலாளி. "எல்லாத்துக்கும்தான் வெச்சேன். ஃபேனுக்குக்கூட வெச்சேன்."

"ஃபேனும் நிலையும் ஒண்ணா நைனா? நிலையத் தூக்கி நிறுத்தி, பொட்டு வெச்சி, கற்பூரம் காட்னியா?"

காவலாளி என்னைப் பார்த்தார். "காட்னேன்."

"அவ்ளோதான். நில வெச்சாச்சி. இனிமே இது இந்த வூட்டு நில. பேத்துகினு போயி என் தம்பி வூட்டுல நட்டா வெளங்குமா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த களையெல்லாம் வடிந்துவிட்டது. "எக்கா, நாளைக்கு நாளு. ஆளுங்களுக்கெல்லாம் சொல்லியாச்சி."

"சொன்னா? இன்னொரு வூட்டு வாசல உருவிகினு போவியா?"

மேலிடத்து அனுமதி என் சட்டைப் பையில் இருந்தது. இங்கே அது செல்லாது என்று புரிந்தது. வண்டிக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

அந்தப் பெண் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக மேடை மேல் ஏறி, நிலைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போனார். சுவருக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒடுங்கி நிற்கலாம். அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"எக்கா, நான் இப்ப எங்க கீறேன்?"

"எங்க கீற? கதவாண்ட கீற."

"உள்ளயா வெளியவா?"

வயதில் பெரியவரான அந்த அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். கொண்டி தன் பக்கம் இருந்தது. தாழ்ப்பாள் தன் பக்கம் இருந்தது. அப்படியானால் தான் வீட்டுக்குள் நிற்கிறார். தம்பி மனைவி தெருவில் நிற்கிறார். தெருவில் ஒரு சுவர்.

"வெளிய" என்றார், கொஞ்சம் இழுத்து.

"வெளிய நின்னா தெருவு இருக்கணும் இல்ல? இங்க செவுரு கீது. மூக்கு இடிக்குது. இதுவழியா யாரு வந்தா, யாரு போனா? வாசல்னா வரப்போவத்தான? இதுல ஒரு பூனகூடப் பூந்து போனதில்ல."

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "யாருமே பூந்து போலியா?"

"இல்லம்மா. மேடை மேல ஏறக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கோம்" என்றேன். அந்தப் பலகை அங்கேதான் இருந்தது. அவர் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தேன்.

அவர் நிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். இந்தப் பக்கம் பார்த்தார்; எட்டி அந்தப் பக்கம் பார்த்தார். ஏலத்தில் மீனைத் திருப்பிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. கடைசியில் காவலாளியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உள்ளார இருந்து வெளிய பாக்க நிறுத்திக்கிறாங்க. தெருவு இல்ல, ஊடு இல்ல. இத்தப் போயி நில வெச்சதுன்னு யாரு சொல்லுவா? மரத்துக்குப் பொட்டு வெச்சிக்கற நைனா, போ." பிறகு தம்பி மனைவியைப் பார்த்து, "வெளிய வாமே. அந்தக் கலீஜு செவுத்துல சாஞ்சிகினு நிக்காத, சேல பூராப் பவுடரு" என்றார். அந்தப் பெண்ணின் முதுகு முழுவதும் உப்புப் பூத்திருந்தது.

நிலையை ஐந்து பேர் தூக்கினோம். காவலாளி எண்ணிச் சொன்னார்.

புதன்கிழமை நான் அத்திப்பட்டுக்குப் போனேன். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டேன். கூட்டம் பெரிதில்லை. அண்ணன் குடும்பம், அக்கம்பக்கத்தார், மேஸ்திரி, இரண்டு சித்தாட்கள். நிலையின் சந்தனத்தை எண்ணெய் போட்டுத் துடைத்து, புதிதாக மஞ்சள் பூசியிருந்தார்கள். குழியில் பெரியவர் நவதானியத்தைப் போட்டார். மேஸ்திரி தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, இடது காலைக் கொஞ்சம் தட்டச் சொன்னார். சுவர் அளவு சரியாக இருந்தது. அந்தப் பெண் தெருவில் போய் நின்று பார்த்தார். எல்லாரும் தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நல்லாப் பாத்துக்கோங்க. இதான் வெளிப்பக்கம்."

பார்த்தேன். மஞ்சள் பூசிய வெறும் மரம். அத்தனை மாதம் அது சுவரைப் பார்த்தே நின்றிருந்தது. பின்னால் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. கூரை இன்னும் இல்லாததால் நிலைக்குள்ளும் தெரிந்தன.

அந்தப் பெண்ணின் கணவர் வந்தபோது சடங்கு முடிந்து கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படகு கரை சேரத் தாமதமாகியிருந்தது. உயரமான ஆள், தோளில் பை, கையில் கைப்பேசி. ஐஸ் கட்டி விலையைப் பற்றி யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டே தெருவிலிருந்து வந்தார். நிலையைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பேச்சை நிறுத்தாமல், கண்ணை உயர்த்தாமல், சரியான இடத்தில் தலையைக் குனிந்து உள்ளே போய், நிமிர்ந்து, பேச்சைத் தொடர்ந்தார்.

நான் அவருக்குப் பின்னால் போனேன். உப்பு ஆபீசுக் கூடத்தில் அந்த நிலை மேடை மேல் நின்றிருந்தது. அதன் வழியாக நான் ஒரு முறையும் நுழைந்ததில்லை. நெற்றி, நிலையின் மேல்சட்டத்தில் நன்றாக இடித்தது. தடவிய கையில் மஞ்சள் ஒட்டியது. பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

கணவர் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டு மூணு வாட்டி இடிச்சாப் பழகிடும் சார்," என்றார்.